இரண்டு நுவாசிகள்

பிரான்சுக்குப் போகிறேன் என்று சொன்னதும், கொழும்பு வெள்ளவத்தையில் என் தையல் கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பாரிசிலயோ?" நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். தங்கை வதனி இருப்பது பாரிசுக்குப் பக்கத்து ஊரில். அந்த ஊரின் பெயரை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. அவள் அனுப்பும் பார்சல்களின் மேல் ஆங்கில எழுத்தில் இருப்பதை நான் ‘நொய்சி’ என்றுதான் வாசித்து வைத்திருந்தேன். சத்தம் கூடின ஊராக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வதனிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையை எடுக்கவேண்டும், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய புருஷன் ரூபனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. புதிய முதலாளி லீவு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். மகள் அபிராவுக்கு ஆறு வயது.

"அக்கா, ஒருக்கா வாங்கோவன்" என்றாள் வதனி. "பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாப் போதும். வேற ஒண்டும் வேண்டாம்."

அதற்குள்தான் எல்லாம் இருந்தது. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஒரு பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், வரவேண்டும்.

நான் பயந்த பெண். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொட்டாஞ்சேனையில் குடியிருந்த காலத்தில் ஒரு விடியற்காலையில் பொலிஸ்காரர் வந்து என் கணவரை ஏற்றிக்கொண்டு போனார்கள், மறுநாள் விட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து சீருடையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யுத்தம் முடிந்து எவ்வளவோ காலமாகியும், பக்கத்துக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும் எனக்கு.

*

விமான நிலையத்திலிருந்து ரூபன் தன் சிநேகிதனின் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். பின் சீட்டில் அபிரா. வானம் தலையில் இடிக்குமாப்போல் கீழே இறங்கியிருந்தது. ஊர் எல்லையில் பெயர்ப்பலகை வந்ததும் நான் சத்தமாக வாசித்தேன்.

அபிரா விழுந்து விழுந்து சிரித்தாள். "நொய்சி இல்லை பெரியம்மா. நுவாசி. நுவாசி லு செக்."

"செக் எண்டால் என்ன?"

"காய்ஞ்சது."

"அப்ப நுவாசி எண்டால்?"

அவளுக்குத் தெரியவில்லை. ரூபனும் உதட்டைப் பிதுக்கினான். "அது ஊரின்ர பேர் அக்கா. இவ்வளவு வருசமா இருக்கிறன், ஒருநாளும் யோசிச்சதில்லை."

நான் மட்டும் என்ன யோசித்தேன்? வெள்ளவத்தை என்றால் சிங்களத்தில் மணல் தோட்டம். அதை ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி சொல்லித்தான் நான் அறிந்தேன், அங்கே குடிவந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

நுவாசி சத்தமான ஊர் இல்லை. ஆனால் ரயில்கள் நிறைய. நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளங்கள் பிரிந்தும் சேர்ந்தும் எங்கேயோ போயின. தெமட்டகொடையில் ரயில்வே குவார்ட்டர்சில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த இரும்பு மணம் ஒன்றுதான் பழகியதாக இருந்தது.

வதனி கதவைத் திறந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. ஆனாலும் குசினியில் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன், அதற்குப் பக்கத்தில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு பாண். "இங்க இந்தப் பாண் இல்லாமல் சாப்பிட மாட்டாள் இவள்" என்று மகளைக் காட்டினாள். அபிரா பாணைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, மேலே ஒரு துண்டு சீஸும் வைத்துத் தின்றாள். அழுகல் மணம் அடிக்கிற அந்தச் சீஸில் எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை கோபிக்கும் என்று கொஞ்சம் தின்றேன். வாய்க்குள் போனபிறகு அவ்வளவு மோசமில்லை.

*

மறுநாள் வதனி என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். உயரமான இரும்புக் கேற், மணி அடித்தால்தான் திறப்பார்கள். அதிபர் மெலிந்த பெண், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரை எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்த்தவுடனேயே பயம் பிடித்துவிட்டது.

"பிள்ளையளை எல்லாரிட்டயும் குடுக்கமாட்டினம்" என்றாள் வதனி திரும்பி வரும்போது. "நாலரைக்குக் கேற்றடியில நிக்கவேணும் அக்கா. பிந்தக்கூடாது."

அன்று பின்னேரம் ரூபன் என்னை ரயிலில் ஏற்றி, பாரிசுக்குள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒரே ரயில், மாறத் தேவையில்லை. வெள்ளவத்தையில் ரயிலென்றால் ஒரு பக்கம் கடல், கதவில் தொங்கும் பெடியன்கள், உப்புக் காற்று. இங்கே கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. எனக்கு என்னவோ லிப்டுக்குள் அடைபட்டமாதிரி இருந்தது.

அதற்கடுத்த நாள் வதனியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பாஸ்போர்ட்டை வெளியில கொண்டு திரியாதேங்கோ. ரயில்ல களவு கூட" என்றாள். ஆபரேஷனுக்குப் போகிறவள் சொன்னது அதுதான்.

*

ஆபரேஷன் நாள் காலையில் அபிராவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன். ரூபன் வேலைக்குப் போய்விட்டான். குசினியில் தொலைபேசியைக் கொண்டுபோகவிடமாட்டார்களாம், இடைவேளையில்தான் பார்க்கலாம். என் கைபேசியோ வீட்டு வைஃபையில் மட்டும் வேலை செய்யும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். இப்போது மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், இப்போது வெட்டியிருப்பார்கள் என்று மனம் போய்க்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வதனி வந்ததும் உடம்பு தேற மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக் கறி வைக்கவேண்டும், நல்லெண்ணெய் வேண்டும், முருங்கையிலை வேண்டும். போன வழிதானே, போய்வரலாம் என்று கிளம்பினேன். பாஸ்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். என் வாழ்நாளில் அடையாள அட்டை இல்லாமல் வீதியில் இறங்கியது அன்றுதான்.

லா ஷப்பலில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டதும் மூச்சு சீராக வந்தது. கடைக்காரப் பெண், "கொழும்பில எவடம் அக்கா?" என்று கேட்டாள். ஒரு ரோல்ஸ் தின்று பால் தேத்தண்ணி குடித்தேன். காசைக் கொடுத்துத் திரும்பும்போதுதான் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்களைக் கண்டேன். வரிசையாகப் படங்கள். ஒன்றில், வதனியின் வயதுதான் இருக்கும், பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் நுவாசி லு செக்கை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கியது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.

நிலையத்துக்கு ஓடினேன். அங்கே சனம் கும்பலாக நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னது. பலகையில் சிவப்பு எழுத்துகள். என் ரயில் ஓடவில்லை என்பது மட்டும் விளங்கியது. ஆட்கள் முணுமுணுத்தபடி கலைந்து வேறு வேறு பக்கம் போனார்கள். நான் ஒரு இளைஞனை மறித்து, "நுவாசி? நுவாசி?" என்று கேட்டேன். அவனுக்கும் அவசரம் போல. கையால் வா என்று காட்டிவிட்டு நடந்தான். நான் பின்னால் ஓடினேன். படிகள், நீண்ட சுரங்கப்பாதை, ஒரு ரயில். அதில் ஒரு தரிப்பிடத்தில் என்னை இறக்கி, இன்னொரு மேடையைக் காட்டி, "நுவாசி" என்று பலகையைத் தொட்டான். அந்தப் பெயர் அங்கே இருந்தது. கும்பிட்டேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ரயில் போனது, போனது. வெளியே ஆறு ஒன்று தெரிந்தது. காலையில் ஆறு இல்லையே என்று நினைத்தேன். வேறு வழியாகச் சுற்றிப் போகிறதாக்கும் என்று என்னையே சமாதானம் செய்தேன். நுவாசி என்று பலகை வந்ததும் இறங்கினேன்.

மின்படியில் மேலே வந்தால் பெரிய கடைத்தொகுதி. வேறு வாசலால் வந்துவிட்டேன் என்று வெளியே போனேன். எதிரே ஒரு கட்டிடம் நின்றது. நின்றது என்றா சொல்வது, ஒரு பெரிய வண்டிச் சில்லைத் தூக்கி நிமிர்த்தி வைத்தமாதிரி, முழு வட்டமாக, நிறைய மாடிகளும் ஜன்னல்களுமாக. கொஞ்சம் தள்ளி எதிர்ப்புறத்தில் அதே மாதிரி இன்னொரு சில்லு. அதற்குள் மனிதர் குடியிருந்தார்கள். உடுப்புக் காய்ந்தது.

இப்படி ஒரு கட்டிடம் வதனியின் ஊரில் இருந்திருந்தால் நான் காணாமல் இருந்திருக்க முடியாது. வதனி வீட்டுத் தெருமுனையில் இருக்கிற, பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையைத் தேடினேன். வேறு இடத்தில் வேறொரு மருந்துக் கடை இருந்தது. பாண் கடையும் இருந்தது, ஆனால் நாங்கள் பாண் வாங்கும் கடை இல்லை. ஒரு தெருவில் போய் அடுத்த தெருவால் வந்தேன். மறுபடி அந்தச் சில்லு. பெயர் சரி, ஊர் பிழை. எனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன். கடை ஒன்றின் மணிக்கூட்டில் மூன்றரை தாண்டிவிட்டிருந்தது.

வதனி ஆபரேஷன் முடிந்தோ முடியாமலோ கிடக்கிறாள். பிள்ளை கேற்றடியில் நிற்கப்போகிறாள். நான் எங்கே நிற்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

*

நிலையத்துக்குள் திரும்பிப் போனபோது வாசலில் சீருடைக்காரர் நின்றார்கள். நாலைந்து பேர், இடுப்பில் ஏதேதோ கருவிகள். ரிக்கெற் பரிசோதகர்கள் என்று பிறகு அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது சீருடை மட்டும்தான். திரும்பி நடக்கப் பார்த்தேன். அப்படித் திரும்பினால் சந்தேகம் வரும் என்று கொழும்பில் பழகிய புத்தி சொல்லியது. நின்றுவிட்டேன்.

உயரமான ஒரு கறுப்பினப் பெண் என்னிடம் வந்து கையை நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். ஆனால் அந்த நேரத்தில் வந்தது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை.

"அனே மிஸ், மம பார தன்னே நே."

ஐயோ மிஸ், எனக்கு வழி தெரியாது. அட்டை கேட்கிறவர்களிடம் சிங்களத்தில் கெஞ்சித்தான் எனக்குப் பழக்கம். ஒரு பிரெஞ்சுக்காரியிடம் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டு நான் அழத் தொடங்கிவிட்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என் கையிலிருந்த ரிக்கெற்றை மெதுவாக எடுத்துக் கருவியில் வைத்தாள். அது கீச்சென்றது. பச்சை வெளிச்சம். ரிக்கெற் சரியாம். அதைத் திருப்பித் தந்துவிட்டு, என்னைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போய், ஒடிந்த ஆங்கிலத்தில் எங்கே போகவேண்டும் என்று கேட்டாள்.

"நுவாசி" என்றேன்.

"இதுதான் நுவாசி."

"இல்லை. இது இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு விரல்களைக் காட்டினாள். இரண்டு நுவாசி இருக்கிறதாம். கைகளை அகல விரித்து, "இது நுவாசி லு கிராண்ட். பெரியது" என்றாள். பிறகு தன் நாக்கை வெளியே நீட்டித் தாகமாய் இருக்கிறவள் போல் காட்டி, "உங்களுடையது செக்கா? காய்ந்ததா?" என்று கேட்டாள்.

"ஓம், ஓம்! செக்!" என்று நான் கத்தினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம், பிள்ளை, நாலரை என்று சொன்னேன். அவளுடைய சிரிப்பும் நின்றது. என் கைபேசியில் ரூபனின் இலக்கத்தைப் பார்த்துத் தன் தொலைபேசியில் அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு மரத்தின் படம் கேற்றில் இருக்கிறது என்றேன். அதைக் கேட்டு அவள் என்ன செய்ய?

கூட நின்றவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தாள். வந்த ரயிலில் என்னை ஏற்றி, கதவோரம் இருந்த ஒரு முதியவரிடம் என்னைக் காட்டி வேகமாகப் பேசினாள். தரிப்பிடம் வந்ததும் இறக்கி, அடுத்த ரயிலுக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கவேண்டும். கதவு பூட்டியது. கண்ணாடிக்கு அப்பால் அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

முதியவர் தலையில் கம்பளித் தொப்பி, மடியில் பை, பைக்குள்ளிருந்து புதினாக் கட்டு எட்டிப்பார்த்தது. எனக்குத் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய முகத்தையே பார்த்தபடி இருந்தேன். ஒரு தரிப்பிடம் போனது. கண் திறக்கவில்லை. நித்திரையாகிவிட்டாரா? எழுப்பலாமா? ஆண்பிள்ளையைத் தொட்டு எழுப்பினால் பிழையாக நினைப்பாரோ? பொறுக்க முடியாமல் அவருடைய பையை இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். இன்னும் ஒன்று. சரியாக அடுத்த தரிப்பிடத்தில் எழுந்தார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. என்னோடேயே இறங்கி, படியேறி, மற்ற ரயிலிலும் ஏறினார். என் பாதையில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நுவாசி லு செக் என்ற பலகை தெரிந்ததும் நான் கதவு திறக்கமுன்னமே எழுந்து நின்று, திறந்ததும் பாய்ந்தேன். பத்தடி போனபிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. எண்ணெய்ப் போத்தலும் முருங்கையிலையும் இருந்த பை ரயிலுக்குள்.

ரயிலில் ஆளில்லாத பை. யுத்தகாலக் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒரு பை என்றால் குண்டுதான். திரும்பிப் பார்த்தேன். பூட்டிக்கொள்ளும் கதவுக்குள்ளால் ஒரு கை என் பையை நீட்டியபடி இருந்தது. ஓடிப்போய் இழுத்தேன். கதவு பூட்டியது. கண்ணாடிக்குள் அந்த முதியவர் தன் நெஞ்சில் கைவைத்துத் தலையைச் சாய்த்தார். ரயில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

*

பள்ளிக்கூடத் தெருவில் ஒரு குருவி இல்லை. கேற் பூட்டியிருந்தது. பிள்ளைகள் இல்லை, தாய்மார் இல்லை. மணியை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். ஆறு வயதுப் பிள்ளை தனியாக வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தால்? வேறு யாரும் கூட்டிக்கொண்டு போயிருந்தால்? ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிற வதனி, "அபிரா எங்க?" என்று கேட்பாள். அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

அதிபர் வந்தார். கேற்றைச் சிறிது திறந்து, என்னைப் பார்த்து, "பாஸ்போர்ட்?" என்றார்.

இல்லை என்று கையை விரித்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அழுது வீங்கிய முகம், கலைந்த தலை, கையில் கசங்கிய பை. என்னை நானே அப்போது நம்பியிருக்க மாட்டேன். அவர் கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொலிசுக்கு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடினால் பிள்ளை போய்விடும். நின்றால் பிடித்துக்கொண்டு போவார்கள். பிடிக்கட்டும் என்று நின்றேன். அப்படி ஒரு எண்ணம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுபடி கேற் திறந்தது. அதிபர் மேலங்கி போட்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்தபடி, வாயோரம் கேக் துகளோடு, அபிரா.

"பெரியம்மா, ஏன் லேட்?"

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அதிபர் குனிந்து பிள்ளையிடம் ஏதோ கேட்டார். அவள் என்னைக் காட்டி நீளமாகப் பதில் சொன்னாள். அதற்குள் ‘பெரியம்மா’ என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"மடாம் எங்களோட வீட்டுக்கு வருவாவாம். பாஸ்போர்ட்டைப் பாத்திட்டுத்தான் என்னை விடுவாவாம்" என்றாள் அபிரா.

அப்படியே மூன்று பேரும் நடந்தோம். பிள்ளை நடுவில். ஒரு கை அவரிடம், ஒரு கை என்னிடம். அவர் தன் பக்கத்துக் கையை விடவே இல்லை. நான் நடந்ததை எல்லாம் அபிராவுக்குச் சொன்னேன், அவள் அதிபருக்குச் சொன்னாள். நுவாசி லு கிராண்ட் என்ற இடம் வந்ததும் அதிபர் நின்று, "ஓ" என்றார். முதல் தடவையாக முகம் இளகியது. நடந்தபடியே பேசத் தொடங்கினார்.

"மடாம் சொல்றா, நுவா எண்டால் ஒரு கொட்டையாம் பெரியம்மா. உடைச்சால் மூளை மாதிரி இருக்குமே, அது."

"வால்நட்டோ?"

"ஓம். சரியான முந்தின காலத்தில, லத்தீன் கதைச்ச ஆக்கள் இருக்கேக்க, இங்க முழுக்க அந்த மரம்தானாம். கொட்டை மரத் தோப்பு. மற்ற ஊரிலயும் அந்த மரம்தானாம். அதுதான் ரெண்டுக்கும் ஒரே பேர். அங்க ஆறு இருக்காம். இங்க ஆறு இல்லையாம், அதுதான் செக்."

எங்கள் பக்கத்திலும் மரத்தை வைத்துத்தான் ஊருக்குப் பெயர். புளியங்குளம், மருதங்கேணி, நாவற்குழி. ஆனால் மரத்தோடு குளமும் கேணியும் சேர்ந்தே வரும். தண்ணீர் இல்லை என்பதையே பெயராக வைத்துக்கொண்ட ஊரை நான் கண்டதில்லை. அந்த மரங்கள் இப்போது எங்கே என்று கேட்கச் சொன்னேன்.

மரங்கள் எப்போதோ போய்விட்டனவாம். அதிபர் ரயில் நிலையத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"உலக யுத்தத்தில அந்த ரயில் ரோட்டுக்குக் குண்டு போட்டவையாம். வீடெல்லாம் உடைஞ்சு போச்சாம். மடாமின்ர அம்மா அப்ப சின்னப் பிள்ளையாம். கட்டிலுக்குக் கீழ இருந்தவவாம்."

"ஆர் போட்டது? எதிரியோ?"

அபிரா கேட்டுச் சொன்னாள். "இல்லையாம். பிரான்சுக்கு உதவிக்கு வந்த ஆக்கள்தானாம்."

நான் அதிபரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் இருவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். படத்தையும் என்னையும் பார்த்தார். என் பெயரை எழுத்துக் கூட்டிப் பிழையாக வாசித்தார். அதன்பிறகுதான் பிள்ளையின் கையை விட்டார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குசினியில் நின்றபடியே சீனி கூடப் போட்ட பால் தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்போது என் கைபேசி அடித்தது. ரூபன்.

"அக்கா, முடிஞ்சுது. கண் முழிச்சிட்டாள். உங்களைத்தான் கேட்டவள்."

*

அன்று நடந்ததை வதனிக்குச் சொல்வதில்லை என்று ரூபனும் நானும் பேசிக்கொண்டோம். தையல் ஆறட்டும். அவள் வீட்டுக்கு வந்தபிறகும், சோதனை முடிவு வரும்வரை ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் எங்கள் மூன்று பேரின் முகமும் ஒன்றாகத் திரும்பும். நான் சரக்குக் கறி வைத்தேன், முருங்கையிலை சுண்டினேன், அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டேன். கடைசியில் அழைப்பு வந்தது. வதனி பிரெஞ்சில் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, "ஒண்டுமில்லையாம் அக்கா. சும்மா கட்டிதானாம்" என்றாள். ரூபன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் கனநேரம் ஓடியது.

அன்று மத்தியானம் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். சந்தோஷத்தில் அபிராவுக்கு வாய் நிற்கவில்லை. "அம்மா, பெரியம்மா பெரிய நுவாசிக்குப் போய்த் துலைஞ்சு போனவ!" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

இனி மறைத்து என்ன என்று நான் முழுவதையும் சொன்னேன். சில்லுக் கட்டிடம், சீருடை, சிங்களத்தில் அழுதது எல்லாம். வதனி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சில்லு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள்.

"எப்ப போனனீ?"

"வந்த புதுசில. இவரின்ர அறைக்கு வர வெளிக்கிட்டு, நானும் அங்கதான் போய் இறங்கினனான். அப்ப எனக்கு விசா இல்லை. திரும்பி ஸ்டேசனுக்குள்ள போனா, நீங்கள் கண்டமாதிரியே வாசல்ல நிண்டவை. கிட்டப் போகேல்ல. அந்தக் கடைக்குள்ள போய் நிண்டனான். உடுப்புப் பாக்கிறமாதிரி, ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு."

ரூபன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது என்று விளங்கியது.

"அப்ப எப்பிடி இங்க வந்தனீ?"

"நடந்தனான்."

"அவ்வளவு தூரமோ? வழி?"

"தெரியாது. ஆரிட்டயும் கேக்கவும் பயம். ரோட்டில போர்டு வரும்தானே, அதில செக் எண்டு எழுதியிருக்கிற பக்கமாப் போனனான். ஒரு இடத்தில போர்டு இல்லை. அங்க கொஞ்சநேரம் அழுதனான். பிறகு ரயில் ரோட்டைக் கண்டு, அதுக்குப் பக்கத்தால வந்திட்டன்."

"எங்களுக்கு ஏனடி சொல்லேல்ல?"

அவள் அபிராவின் தட்டில் மீனுக்கு முள் எடுத்தாள். நான் நினைத்துப் பார்த்தேன். அவள் வந்த புதிதில் அனுப்பிய ஒரே ஒரு படம் எங்கள் வீட்டு ஹாலில் இப்போதும் தொங்குகிறது. சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பாரிசில் ஒரு பாலத்தில் சாய்ந்து நின்று சிரிக்கிறாள். அதைக் காட்டி, ‘என்ர தங்கச்சி, பிரான்சில சந்தோஷமா இருக்கிறாள்’ என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

"என்னெண்டு சொல்லுறது அக்கா?" என்றாள் கடைசியில். "நீங்கள் போன் எடுக்கிற நேரமெல்லாம் முதல்ல கேக்கிறது, ‘அங்க ஒரு பயமும் இல்லைத்தானே’ எண்டுதானே."

ரூபன் எழுந்து போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து, அவளுடைய கிளாசை நிரப்பினான். அவள் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள்.